ரேக்கின் மீது ஏறும் உப்பு

எண்ணூர் விரைவுச் சாலையில் போய்வந்தவர்களுக்குக் கண்டெய்னர் அடுக்கு பழகிய காட்சி. வேலிக்கு அப்பால், சிவப்பும் நீலமுமாக ஐந்தாறு பெட்டிகள் ஒன்றன் தலையில் ஒன்றாக நிற்கும். அடியில் இருக்கும் பெட்டி எப்படித் தாங்குகிறது என்று யோசித்தால் மலைப்பாக இருக்கும். பல பெட்டிகளின் கதவில் அடித்திருக்கும் பாதுகாப்புத் தகட்டில் 1,92,000 கிலோ என்று ஓர் எண்ணைக் காணலாம். முழுச் சுமை ஏற்றிய 24 டன் பெட்டிகள் எட்டை அது தலையில் சுமக்கும் என்று அர்த்தம். கப்பல் அலையில் ஏறி இறங்கும்போது அந்தச் சுமை 1.8 மடங்காக அழுத்தினாலும் தாங்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. அதே பெட்டியின் கூரையைச் சோதிக்கும்போது, 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் இடத்தில் 300 கிலோதான் வைத்துப் பார்க்கிறார்கள்.

ஒரே பெட்டிக்கு எப்படி இரண்டு கணக்கு? பெட்டியின் எட்டு மூலைகளிலும் வார்ப்பு எஃகுக் கட்டிகள் இருக்கின்றன. மேல் மூலைக் கட்டிகள் கூரையைவிடக் குறைந்தது 6 மில்லிமீட்டராவது உயர்ந்து நிற்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அதனால் மேல்பெட்டி கீழ்ப்பெட்டியின் கூரையைத் தொடுவதே இல்லை. மூலையில் உட்கார்ந்து, மூலைத் தூண் வழியே இறங்கி, அடுத்த மூலைக்குப் போய், கடைசியில் தரையைச் சேர்கிறது மொத்த எடையும். கூரையும் பக்கச் சுவர்களும் பெட்டியை மூடி, சாயாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் வந்தது 1983-இல். அன்றிலிருந்து ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி மக்கள் இந்தப் பெட்டிகளோடுதான் சாலையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். வீட்டுக்கு ஒரு இரும்பு ரேக் வாங்கப் போகிறவர்கள் கடைக்குள் நுழையும் முன் அந்த அடுக்கை ஒருமுறை நின்று பார்க்கலாம். எடை தரைக்கு இறங்கும் வழி எது என்ற கேள்விதான் ரேக் தேர்வில் முதல் கேள்வி.

வடசென்னை வீடுகளில் இடம் கொஞ்சம், சாமான் கனம். மீனவர் வீடென்றால் வலை, கயிறு, ஈயக்குண்டு, பழுதுபார்க்கக் கழற்றி வந்த எஞ்சின் பாகங்கள். மெக்கானிக் வீடென்றால் ஸ்பேனர் பெட்டியும் ஜாக்கியும். எந்த வீடானாலும் தண்ணீர் உண்டு. ஒரு கேன் 20 லிட்டர், அதாவது 20 கிலோ. அரிசிச் சிப்பம் 25 கிலோ. பழைய கிரைண்டர் கல் தனி. இவை எல்லாம் தரையில் பரவினால் படுக்க இடமிருக்காது. ஆகவே வீடு மேல்நோக்கி அடுக்கப்படுகிறது.

இதற்குச் சென்னை முழுவதும் பழைய விடை ஒன்று உண்டு: கடப்பா கல். ஆந்திரத்தின் கடப்பா, கர்னூல் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லைப் பலகையாகப் பிளந்து, இரண்டு சுவருக்கு இடையில் செருகிவிடுவார்கள். துருப்பிடிக்காது, கரையான் ஏறாது, ஈரத்தில் ஊதாது. கடலோரத்துக்கு இதைவிடப் பொருத்தமான தட்டு கிடையாது என்பேன். ஆனால் நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு பலகை சும்மாவே 30 கிலோ கனக்கும். தவிர, கல் நசுக்கத்தைத் தாங்கும் அளவுக்கு இழுப்பைத் தாங்காது. தட்டு வளையும்போது மேற்பரப்பு நசுங்குகிறது, அடிப்பரப்பு இழுபடுகிறது. அடியில் உளி பட்ட ஒரு கீறல் இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். இரும்புத் தகடு தொய்ந்து காட்டி எச்சரிக்கும். கல் எச்சரிக்காது, ஒரே போக்கில் இரண்டாகும். அனுபவமுள்ள கொத்தனார் மூன்றடிக்கு மேல் கல்லைத் தாங்கலில்லாமல் விடமாட்டார், நடுவில் ஒரு குத்துக்கல் நிறுத்துவார். வாடகை வீட்டுக்காரருக்கு இந்த வழியும் இல்லை. காலி செய்யும்போது கல்லைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. அவருக்கு ரேக்தான்.

நம் கடைகளில் கிடைக்கும் ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக்கின் மூதாதையை உருவாக்கியவர் டிமிட்ரியஸ் கொமினோ. ஆஸ்திரேலியாவில் பிறந்த கிரேக்க வம்சாவளியினர், லண்டனில் அச்சகம் நடத்தியவர். அச்சகத்துக்கு வேண்டிய மேசையும் அடுக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்யப்பட்டு, தேவை மாறியதும் உடைத்துப் போடப்பட்டதில் வீணாகும் மரமும் உழைப்பும் அவரை உறுத்தின. எல் வடிவ எஃகுக் கோணத்தில் வரிசையாகத் துளை போட்டுவிட்டால், நட்டும் போல்ட்டும் வைத்து எதையும் கட்டலாம், பிறகு கழற்றி வேறொன்று கட்டலாம் என்பதுதான் அவர் கண்டது. 1947-இல் டெக்ஸியான் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று செம்புதாஸ் தெருவிலோ சாத்தாங்காட்டு இரும்புச் சந்தைப் பக்கமோ கிடைக்கும் துளைக் கோணங்கள் எல்லாம் அந்த யோசனையின் வாரிசுகள்.

ரேக் கடையில் எல்லோரும் கேட்கும் கேள்வி, "எத்தினி கிலோ தாங்கும்ணா?" என்பதே. பதிலாக வரும் எண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நான் வியந்த இடம் அது.

ஒரு அடி அகலமும் மூன்றடி நீளமும் உள்ள 0.9 மில்லிமீட்டர் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையில் தாங்கி நடுவில் கை வைத்தால் தொங்கிவிடும். இதை உறுதியாக்க ஒரு வழி, தகட்டின் தடிமனை இரட்டிப்பாக்குவது. இரும்பும் விலையும் இரண்டு மடங்காகும். வளையாமல் நிற்கும் விறைப்பு, தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதால், 8 மடங்காகும். இன்னொரு வழி, தடிமனைத் தொடாமல், நீளவாக்கில் இரு ஓரத்திலும் 30 மில்லிமீட்டர் தகடு கூடுதலாக விட்டு அதைக் கீழே மடித்துவிடுவது. இதற்கு 20 சதவீத இரும்புதான் அதிகம் ஆகும். விறைப்பு எவ்வளவு கூடும்? கணக்குப் போட்டால் 700 மடங்கைத் தாண்டுகிறது.

முதல்முறை இதைக் கணக்கிடுகிறவர்கள் எங்கோ புள்ளி தவறிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். தவறவில்லை. வளைவை எதிர்ப்பதில் பொருளின் அளவைவிட, அந்தப் பொருள் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதே முக்கியம். அந்தத் தூரம் வர்க்கமாகப் பெருகிக் கணக்கில் ஏறுகிறது. கீழே இறங்கிய அந்த 30 மில்லிமீட்டர் மடிப்பு, தள்ளி நின்றுகொண்டே தட்டின் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடுகிறது. வாழையிலை நடுநரம்பின் பலத்தில் நிற்பதும் இந்த விதியால்தான். ஆகவே கடையில் தட்டைக் கையில் எடுத்ததும் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். மடிப்பு எவ்வளவு ஆழம், ஒருமுறை மடித்ததா, உள்ளே இரண்டாம் மடிப்பும் உண்டா, அடியில் நடுவே ஒரு பட்டை பற்றவைத்திருக்கிறார்களா என்று பார்த்தால், ஸ்டிக்கரில் எழுதிய கிலோவைவிட அதிகம் தெரிந்துகொள்ளலாம்.

இப்போது அந்தத் தட்டில் மூன்று அரிசிச் சிப்பங்களைப் பக்கம் பக்கமாகப் பரப்புவோம். 75 கிலோ. நடுவில் இரண்டரை மில்லிமீட்டர் தொய்யும், அவ்வளவுதான். எடுத்துவிட்டால் நேராகிவிடும். அதே 75 கிலோவை ஒரு ஜாக்கி, ஒரு எஞ்சின் பாகம் என்று நடுவில் ஒரே இடத்தில் குவித்தால், மடிப்பின் கீழ் ஓரத்தில் ஏறும் இழுவிசை இரண்டு மடங்காகிறது. சாதாரண மைல்டு ஸ்டீலால் அதைத் தாங்க முடியாது. தகடு நிரந்தரமாக வளைந்துவிடும். ஸ்டிக்கரில் இருக்கும் எண் எப்போதும் பரப்பி வைத்த சுமைக்கானது. குவித்து வைக்கப்போகிறீர்கள் என்றால் அந்த எண்ணைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். தட்டை மூன்றடியிலிருந்து நாலடியாக நீட்டினால் அதே எடைக்குத் தொய்வு 2.4 மடங்காகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். கனமான சாமானுக்கு ஒரு நாலடி ரேக்கைவிட இரண்டு இரண்டடி ரேக்குகள் மேல்.

கேஜ் விஷயத்தில் பலரும் குழம்புவார்கள். எண் கூடக் கூடத் தகடு மெலியும். 14 கேஜ் என்றால் 2 மில்லிமீட்டர், 16 என்றால் 1.6, 18 என்றால் 1.2, 20 என்றால் 0.9, 22 என்றால் 0.7. இந்த அளவுமுறை கம்பி இழுக்கும் பட்டறையிலிருந்து வந்தது. அங்கே எத்தனை முறை அச்சுத்துளை வழியே இழுத்தார்களோ அத்தனைக்குக் கம்பி சன்னமாகும். காலுக்கு 14 அல்லது 16, தட்டுக்கு 18 அல்லது 20 என்று கேட்பது வீட்டுக்குப் போதும். பெயின்ட்டின் தடிமனும் சேர்ந்து கண்ணை ஏமாற்றும் என்பதால், வெர்னியர் வைத்து அளந்து காட்டச் சொல்வதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

தட்டு இப்படி. கால்களின் கதை வேறு. ஐந்து தட்டிலும் 75 கிலோ ஏற்றினால் மொத்தம் 375 கிலோ. நான்கு காலுக்கும் பிரித்தால் ஆளுக்கு 94 கிலோ. எஃகை நசுக்க இது எந்த மூலைக்கு? ஆனால் ரேக்கின் கால் நசுங்கி விழுவதில்லை, பக்கவாட்டில் வளைந்து விழுகிறது. ஒல்லியான தூண் எந்த எடையில் திடீரென்று வளையும் என்பதை 18-ஆம் நூற்றாண்டில் லியோன்ஹார்ட் ஆய்லர் கணித்துக் காட்டினார். தாங்கலில்லாத உயரம் பாதியானால் தாங்கும் எடை நான்கு மடங்காகும் என்பது அவருடைய சூத்திரத்தின் சாரம். தட்டுகள் காலை இடையிடையே பிடித்துக்கொள்வதால் உயரம் துண்டுதுண்டாகிறது, கால் பலம் பெறுகிறது. ஆனால் மொத்தச் சட்டமும் ஒருபக்கமாகச் சாயத் தொடங்கினால் இந்தக் கணக்கு கலைந்துவிடும். செவ்வகம் சாயக்கூடியது, முக்கோணம் சாயாது. ரேக்கோடு ஒரு பொட்டலத்தில் தரும் முக்கோண வடிவ கார்னர் பிளேட்டுகள் அதற்காகத்தான். பூட்டும் ஆள் அவசரத்தில் மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் மட்டும் போட்டுவிட்டு மிச்சத்தைத் திருப்பித் தந்தால் வாங்காதீர்கள், போடச் சொல்லுங்கள். பின்பக்கம் பெருக்கல் குறிபோல இரண்டு பட்டைகள் கட்டினால் இன்னும் நல்லது.

இதுவரை சொன்னது தாம்பரத்துக்கும் பொருந்தும், திருச்சிக்கும் பொருந்தும். வடசென்னைக் கரையில் ரேக் வாங்குகிறவருக்கு இன்னொரு சுமை இருக்கிறது. அதை யாரும் தூக்கி வைப்பதில்லை, எந்த ஸ்டிக்கரிலும் அது வராது. இந்தக் கரையில் ரேக்குகள் எடையால் சாவதைவிட உப்பால் சாவதே அதிகம் என்பது என் துணிபு.

அலை உடையும்போது காற்று நீருக்குள் சிக்கி நுரையாகிறது. ஒவ்வொரு குமிழும் மேலே வந்து வெடிக்கும்போது அதன் மெல்லிய தோல் சிதறி நுண்துளிகளாகப் பறக்கிறது. குமிழ் இருந்த குழி மூடுகிற வேகத்தில் நடுவிலிருந்து ஒரு சிறு நீர்த்தாரை எழும்பி, அதுவும் துளிகளாக உடைகிறது. கடற்காற்று அவற்றை ஏந்திக்கொண்டு கரையேறுகிறது. நீர் வற்ற வற்ற, உப்பு மிஞ்சுகிறது. பெரிய துகள்கள் கரையை ஒட்டிய முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே படிந்துவிடும். நுண்ணியவை உள்ளே வெகுதூரம் போகும்.

ராயபுரத்திலிருந்து வடக்கே இந்தக் கணக்கு கடந்த ஒன்றரை நூற்றாண்டில் மாறிவிட்டது. 1870-களில் கட்டத் தொடங்கிய துறைமுகச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்காக நகரும் கடல்மணலை மறித்தன. மறித்த பக்கத்தில் மணல் சேர்ந்து மெரினா அகன்றது. மறுபக்கத்தில் மணல் வராமல் கரை கரைந்தது. தெருக்கள் போயின, வீடுகள் போயின. வீடு இருந்த இடத்தில்தான் இருந்தது, கடல்தான் அதை நோக்கி வந்தது. மிஞ்சிய கரையைக் காக்கப் பாறைகளைக் கொட்டி, தூண்டில் வளைவுகளை நீட்டினார்கள். அவை இல்லாவிட்டால் இன்னும் பல தெருக்கள் போயிருக்கும். ஆனால் சரிந்த மணலில் ஏறி அடங்க வேண்டிய அலை இப்போது பாறையில் மோதி உடைகிறது. தெறிக்கும் துளிகளுக்கும் எதிர்வரிசை வீட்டு ஜன்னலுக்கும் நடுவே ஒரு சாலைதான்.

ரேக்கில் வந்து படிந்த உப்பு அடுத்து என்ன செய்கிறது? சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொடும்போது காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். ஜாடி உப்பு மழைக்காலத்தில் கசிவதை எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறோம். கடலுப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். சென்னையின் காற்று அவ்வளவு உலர்வது அபூர்வம். ஆகவே வெயில் கொளுத்தும் மே மாத மதியத்திலும், கைக்கு உலர்ந்ததாகத் தெரியும் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. துரு பிடிக்க மழை வேண்டும் என்பது உள்நாட்டுக்காரரின் நம்பிக்கை.

அந்தப் படலத்துக்குள் நடப்பதை 1920-களில் கேம்பிரிட்ஜில் உலிக் எவன்ஸ் ஒரே ஒரு உப்புநீர்த் துளியை வைத்துக் காட்டினார். பளபளப்பான இரும்பில் துளி வைத்தால் எங்கே அரிக்கும்? ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் விளிம்பில் என்றுதான் தோன்றும். நேர்மாறு. துளியின் நடுவில், ஆக்சிஜன் குறைந்த இடத்தில் இரும்பு கரைகிறது. விளிம்பில் ஆக்சிஜன் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. இரண்டும் சந்திக்கும் இடைப்பட்ட வளையத்தில் துரு படிகிறது. ஒவ்வொரு துளியும் ஒரு சின்ன மின்கலம். அடி நனைந்த தண்ணீர் கேனைத் தட்டில் வைத்து எடுத்தால் வட்டமாகத் துரு தெரிவதற்கும், போல்ட் தலைக்கு அடியில், தட்டும் காலும் ஒட்டும் இடுக்கில், கண் படாத இடத்தில் முதலில் அரிப்பதற்கும் இதுவே காரணம். மூச்சு முட்டும் இடத்தில்தான் இரும்பு கரையும். கரைந்து துருவானதும் அது பழைய இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும்; நட்டு இறுகிப்போகும், பெயின்ட் உப்பி உரியும்.

இதோடு தொழிற்சாலைப் புகையும் சேர்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது வரும் கந்தக டையாக்சைடு அந்த ஈரப் படலத்தில் கரைந்து அமிலமாகும். உப்பும் அமிலமும் கூட்டுச் சேர்ந்தால் இரும்புக்கும் துத்தநாகத்துக்கும் ஒருசேரக் கேடு. மணலிக்கும் எண்ணூருக்கும் இடையில் வாழ்கிறவர்களின் நுரையீரலுக்கு இந்தக் காற்று செய்வது ரேக்கின் துருவைவிடப் பெரிய விஷயம். அது தனியாகவும் கோபத்தோடும் எழுதப்பட வேண்டியது.

உலோகத்தைக் காற்று தின்னும் வேகத்தை அளக்க நம்மிடமே ஒரு நிறுவனம் உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், 1953-இல் திறக்கப்பட்டது. செக்ரி என்றால் எல்லோருக்கும் தெரியும். நாட்டின் பல இடங்களில் உலோகத் துண்டுகளை வெட்டவெளியில் வைத்து, எடை குறைவதை அளந்து, இந்தியாவுக்கென ஓர் அரிமான வரைபடத்தையே அது தயாரித்தது. மண்டபத்தில் கடலுக்கென்றே தனி ஆய்வு நிலையம் வைத்திருக்கிறது. உலக அளவில் காற்றின் அரிக்கும் திறனை சி1 முதல் சி5 வரையும், அதற்கு மேல் சிஎக்ஸ் என்றும் தரம் பிரிக்கிறார்கள். மாசு மிகுந்த தொழிற்பகுதியும் உப்புக் கடற்கரையும் சி5-இல் வரும். அங்கே வெட்டவெளியில் வைத்த வெறும் எஃகு முதல் ஆண்டில் 80 முதல் 200 மைக்ரான் வரை தேயும். 0.9 மில்லிமீட்டர் தகடு என்பது 900 மைக்ரான். இரண்டு பக்கமும் தேயும். முதல் ஆண்டு வேகம் அப்படியே நீடிக்காது, துரு மூடிக்கொண்டால் சற்றுக் குறையும் என்றாலும், மொட்டைமாடியிலோ பால்கனியிலோ பெயின்ட் போன தட்டு எத்தனை ஆண்டு வரும் என்று நீங்களே கணக்கிடலாம். வீட்டுக்குள் இந்த வேகம் வெகுவாகக் குறையும்.

இரும்பைக் காக்க மனிதன் கண்ட வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது துத்தநாகம். 1824-இல் ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகடு அரிக்காமல் இருக்க, துத்தநாகத் துண்டுகளைப் பொருத்திப் பார்த்தார். செம்பு காப்பாற்றப்பட்டது, கரையாத செம்பில் நஞ்சு இல்லாததால் சிப்பிகளும் பாசியும் ஏறிக் கப்பல் வேகம் குறைந்து, திட்டம் கைவிடப்பட்டது வேறு கதை. 1837-இல் பிரான்ஸில் ஸ்டானிஸ்லாஸ் சோரெல் இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பெயின்ட் ஒரு போர்வை. கிழிந்த இடத்தில் இரும்பு தனித்து நிற்கும். துத்தநாகம் கீறினாலும் பக்கத்தில் இருந்துகொண்டு, இரும்பைவிட எளிதில் எலக்ட்ரானை விட்டுக்கொடுத்து, தான் கரைந்து இரும்பைக் கரையவிடாமல் தடுக்கும். படகுகளின் அவுட்போர்டு எஞ்சினில் நீருக்குள் இருக்கும் பாகத்தில் ஒரு துத்தநாகத் துண்டு பூட்டியிருப்பதும், அது தேய்ந்ததும் மாற்றுவதும் இதற்காகத்தான்.

ஆனால் "ஜி.ஐ. தான், துருவே ஏறாது" என்று சொல்வதை அப்படியே வாங்கக் கூடாது. எத்தனை கிராம் என்று கேட்க வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு 120 கிராம் பூச்சு என்றால், இரண்டு பக்கத்துக்கும் பிரித்து, பக்கத்துக்கு 8 மைக்ரான்தான். சி5 காற்றில் துத்தநாகம் ஆண்டுக்கு 4 முதல் 8 மைக்ரான் வரை தேயும். வெளியில் வைத்தால் ஒன்றிரண்டு ஆண்டில் கதை முடிந்தது. 275 கிராம் என்றால் பக்கத்துக்கு 19 மைக்ரான். தவிர, பூச்சு ஏறிய தகட்டை வாங்கி வெட்டித் துளையிட்டால் வெட்டிய விளிம்பெல்லாம் வெற்றிரும்பாகிவிடும். வெட்டி, துளையிட்டு, மடித்த பிறகு முழுதாக உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் ஹாட் டிப் முறையில் பூச்சு 45 மைக்ரானுக்கும் மேல் போகும், விளிம்பும் மூடும். கரையை ஒட்டிய முதல் சில தெருக்களில் இருக்கிறவர்களும், பால்கனியிலோ மாடிப்படிக்கு அடியிலோ ரேக் வைக்கிறவர்களும் அதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண்போகாது.

பெயின்ட்டும் பவுடர் கோட்டிங்கும் கூர்மையான விளிம்பில் நிற்காது. உருகும்போது பரப்பு இழுவிசை அதை விளிம்பிலிருந்து பின்னால் இழுத்துக்கொள்ளும். கொமினோவின் துளைக் கோணத்தில் நீளம் முழுக்க விளிம்புதான். ஒவ்வொரு துளையும் ஒரு விளிம்பு. அதனால்தான் கடலோர வீட்டில் துளையின் வாயில் முதல் துரு தெரியும். ரேக்கைப் பூட்டும் முன்பே துளைகளின் ஓரத்திலும் போல்ட் இடுக்கிலும் ஜிங்க் பிரைமரைத் தூரிகையால் தொட்டுவிடுவது அரைநாள் வேலை. எவர்சில்வர் ரேக் என்று போகிறவர்கள் 202 என்ற மலிவு ரகத்தைத் தவிர்க்கட்டும், உப்புக் காற்றில் அதில் பழுப்புப் புள்ளி எழும். மாலிப்டினம் கலந்த 316 ரகம் நன்றாகத் தாங்கும், விலை அதிகம். பிளாஸ்டிக் தட்டில் துரு இல்லை. ஆனால் இடைவிடாத கனத்தில் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே போகும். துகள்பலகை ஈரத்தில் ஊதும். கனமான சாமானுக்கு இரண்டையும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

மழை நனைக்காத இரும்பு பத்திரம் என்று நாம் நினைக்கிறோம். கடற்கரையில் அது பாதி உண்மைதான். திறந்தவெளி இரும்பில் படிந்த உப்பை வடகிழக்குப் பருவமழை கழுவிவிடும். ஓரம் திறந்த வராந்தாவிலும் படிக்கு அடியிலும் நிற்கும் ரேக்குக்கு உப்பு மட்டும் வரும், மழை வராது. உப்பு ஆண்டு முழுக்கச் சேர்ந்துகொண்டே போகும், அதுவும் தட்டின் அடிப்பக்கத்தில். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் தட்டின் மேலும் கீழும் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தால், ரேக்கின் ஆயுள் ஆண்டுக்கணக்கில் கூடும். போரில் வரும் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் கேன் தண்ணீரோ மெட்ரோ தண்ணீரோ ஒரு சொம்பு ஒதுக்க வேண்டும்.

இனி எதை எந்தத் தட்டில் வைப்பது. ஆறடி உயரம், ஒரு அடி ஆழமுள்ள ரேக்கில் எல்லாத் தட்டிலும் சமமாக வைத்தால் எடையின் மையம் மூன்றடி உயரத்தில் நிற்கும். முன்பக்கம் சுமார் 9 டிகிரி சாய்ந்தால் கவிழும். கனமெல்லாம் மேலே போனால் 6 டிகிரியிலேயே கவிழும். கீழே இறக்கினால் 16 டிகிரிவரை தாக்குப்பிடிக்கும். குழந்தைகள் தட்டைப் படியாக்கி ஏறும் வீட்டில் இந்த வித்தியாசம் உயிருக்கு ஒப்பானது. மேல் தட்டைச் சுவரில் ஆங்கர் போல்ட்டால் பிணைத்துவிடுவது கட்டாயம். ராயபுரத்தின் பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர்களில் காரைக்குள் போட்ட போல்ட் கையோடு வந்துவிடும். செங்கல்லைத் தேடித் துளையிட வேண்டும்.

கனம் கீழே என்பது புவியீர்ப்பின் விதி. இந்தப் பகுதி மக்களுக்கு அதற்கு எதிரான இன்னொரு விதியும் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய தெருக்களில் தண்ணீரோடு எண்ணெயும் வீடேறியது. அடித்தட்டில் இருந்த அரிசியும் துணியும் பள்ளிச் சான்றிதழும் போயின. ஆகவே கனமாகவும் நனைந்தாலும் கெடாததாகவும் உள்ளவற்றுக்கே அடித்தட்டு: தண்ணீர் கேன், கிரைண்டர் கல், ஈயக்குண்டு. கனமாகவும் நனைந்தால் கெடக்கூடியதாகவும் உள்ள அரிசி, போன வெள்ளத்தின் கறை சுவரில் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதற்கு அடுத்த தட்டில். லேசாகவும் விலை மதிப்பற்றதாகவும் உள்ள காகிதங்கள் உச்சியில், மூடியுள்ள டப்பாவில். தட்டின் உயரத்தைக் கடைக்காரர் பூட்டித் தந்தபடியே விட வேண்டியதில்லை. கால் முழுக்கத் துளை இருக்கிறது. ஸ்பேனரை எடுத்து எட்டு போல்ட்டைக் கழற்றி, கறைக்கு ஒரு சாண் மேலே தட்டை ஏற்றிப் பூட்டிக்கொள்ளலாம்.